ஒரே டப்பாவில் இருந்த காசுகள்



வெள்ளிக்கிழமைதோறும் ஸூரத்துல் கஹ்ஃபை ஓதுகின்ற இல்லங்களில் குகைவாசிகளின் சரித்திரம் அறியாத பிள்ளை இராது. நெடுந்துயில் நீங்கி எழுந்த அவ்விளைஞர்கள் தம்முள் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து, தூய உணவு வாங்கி வருமாறு நகரத்திற்கு அனுப்பினர். தஃப்ஸீர் ஆசிரியர்கள் இவ்விடத்தை விரித்துரைக்கும்போது, கடைக்காரர் அக்காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும், அது என்றோ மறைந்துபோன ஓர் அரசனின் காலத்தது என்று கண்டு திகைத்ததையும் கூறுவர். ஒரு நாளோ, அதிலும் குறைவாகவோ உறங்கியதாக எண்ணியிருந்தவர்களுக்குக் காலத்தின் கணக்கைச் சொன்னது அவர்கள் கையிலிருந்த காசுதான்.

மர்ஹூம் எங்கள் வாப்பா அவர்களுக்கு இந்த இடம் மிகவும் விருப்பமானது. மேலப்பாளையத்தில் சிறியதொரு ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். திருநெல்வேலி டவுனுக்குச் சரக்கெடுக்கப் போகும் நாள்களில், பழைய செம்பு, பித்தளை வாங்கும் கடைகளில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். எடைக்குப் போட்ட அண்டாக்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் இடையில் தேய்ந்த காசு ஏதேனும் கிடந்தால், எடைக்கு உரிய விலையின் மேல் பத்தோ இருபதோ சேர்த்துக் கொடுத்து எடுத்து வருவார்கள். நாற்பது ஆண்டுகள் இப்படிச் சேர்த்தவை ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஒவ்வொன்றும் கடையின் பில் தாளில் சுற்றப்பட்டு, தாளின் பின்புறம் வாப்பாவின் கையெழுத்தில் ஒரு குறிப்புடன் இருக்கும். தெரிந்தால் அரசனின் பெயர். தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறிகளே அதிகம்.

காசுகளை அவர்கள் கழுவியதில்லை. வீட்டில் செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் அவற்றையும் துலக்கித் தருவதாக உம்மா ஒருமுறை சொன்னபோது, பதறிப்போய்த் தடுத்துவிட்டார்கள். செம்பின் மேல் படிந்திருக்கும் பச்சைக் களிம்பு காசின் தோல் என்பார்கள். புளியும் சாம்பலும் பட்டால் அந்தத் தோல் உரிந்து, அதனோடு எழுத்தும் போய்விடும். பழங்காசு வைத்திருப்போர் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் கொள்ளுதல் நலம்.

வாப்பா வஃபாத்தாகி, உம்மாவின் இத்தா முடிந்த பிறகு, கடன்களைத் தீர்த்துவிட்டுப் பாகப்பிரிவினைக்கு அமர்ந்தோம். உம்மா, காக்கா, தம்பி, நான். வீடும் கடையும் பேசி முடிந்தன. இறுதியாக அந்த டப்பா வந்தது. அதில் தங்கம் ஏதுமில்லை. எல்லாம் சேர்ந்தும் ஒரு பவுன் விலைக்கு வராது. ஆயினும் அதுவும் மையித்து விட்டுச்சென்ற சொத்துதானே. எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத் கணக்கை விளக்கினார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. நாற்பது பங்காக வைத்தால் உம்மாவுக்கு ஐந்து, ஆண்மக்கள் இருவருக்கும் பதினான்கு பதினான்கு, எனக்கு ஏழு. தாளில் சுற்றியிருந்தவை சரியாக நாற்பது காசுகள்! காசுக்குக் காசு விலை வேறுபட்டாலும், நால்வரும் மனமொப்பிப் பிரித்துக்கொண்டால் தடையில்லை என்றார்கள்.

அப்போதுதான் காக்கா அந்தப் பேச்சை எடுத்தார். ஷார்ஜாவில் கணக்கராகப் பணிபுரிபவர். மார்க்கப் பேணுதல் உள்ளவர்.

"அரபு எழுத்து இருக்கதை நாம வச்சுக்கிடுவோம். மீனு, மனுச உருவம், சாமி உருவமெல்லாம் நமக்கு எதுக்கு? மதுரையில ஒரு வியாபாரி மொத்தமா எடுத்துக்கிடுவாரு. அந்தக் காசைப் பங்கு வச்சிருவோம்."

தம்பி தலையாட்டினான். பேச்சில் பிழை காண்பதற்கு எளிதில் இடமில்லை. உருவங்கள் குறித்து நம் மார்க்கத்தில் உள்ள எச்சரிக்கையை நாம் அனைவரும் அறிவோம். எனினும் 'நம்முடையவை', 'மற்றவை' என்று அந்த டப்பா இரண்டாகப் பிரிவதை என் மனம் ஏற்கவில்லை. ஏன் என்று அன்று எனக்குக் கோவையாகச் சொல்ல வரவில்லை. பிரிவினையை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லி, அந்த நாற்பதையும் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

முதலில் பிரித்தது மீன் காசு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய செம்பு. இரண்டு மீன்கள் நிமிர்ந்து நிற்க, நடுவே ஒரு செண்டு. நிற்கும் மனிதனைப் பொறித்த வேறொரு காசில் தலை ஒரு புள்ளி, கைகால்கள் ஈர்க்குச்சிகள். ஆயினும் ஒரு கை எதையோ ஏந்தி நிற்பது தெரிகின்றது. இராஜராஜன் காலத்துச் சோழக் காசில் தொடங்கிய அந்த மனிதன், ஈழத்து அரசர்களின் காசுகளிலும் பாண்டியர் காசுகளிலும் நின்றுகொண்டே இருந்தான். தேயத் தேய அவன் கோடுகளாக மெலிந்தான். சிற்பிக்கு அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு கோடு அதிகமானாலும் காசு கெட்டுவிடும். அந்தச் சிக்கனத்தில் ஓர் அழகு உண்டு என்பதை, பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில் கண்டேன்.

மூன்றாவதாக ஒன்று. அதில் உருவம் ஏதுமில்லை. பழந்தமிழ் எழுத்து மட்டும். புள்ளியில்லாத எழுத்துகள் வரிவரியாக நெருக்கியிருந்தன. தாளின் பின்புறம் வாப்பா எழுதியிருந்தார்கள்: எல்லாந்தலையானான். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியரின் பட்டப்பெயர் அது. அனைவருக்கும் தலையாய் இருப்பவன் என்பது பொருள். சோணாடு கொண்டான் என்று பொறித்த பாண்டியர் காசும் உண்டு. அரசன் தன்னைப் பற்றி உலகுக்குச் சொல்ல விரும்பியதை, நெல் வாங்கும் கிழவியின் முந்தானை முடிச்சுவரை கொண்டு சேர்த்தது இந்தச் செம்புத் துண்டு.

அந்த முடிச்சுகளுள் நம் முன்னோருடையவையும் இருந்தன. பொருநை கடலோடு கலக்கும் இடத்தில் முதலில் கொற்கையும் பின்னர் காயலும் துறைமுகங்களாய் விளங்கின. கொற்கையை அடுத்து இன்றும் அக்கசாலை என்றோர் ஊர் இருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். பாண்டியரின் அக்கசாலை அங்குதான் இருந்தது என்று கால்டுவெல் பாதிரியார் கருதினார். கொற்கையிலும் காயலிலும் தாம் நடத்திய ஆய்வுகளை அவர் 1877இல் வெளியிட்டார். மார்க்கோ போலோ கண்ட காயல் இன்றைய பழையகாயல் என்பது அவர் துணிபு. (காயல்பட்டினத்து உறவினர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை, அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.) ஹுர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைகளோடு மரக்கலங்கள் அங்கு வந்து நின்றதை மார்க்கோ போலோ எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அதன் விலையையும் தருகிறார்: ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார். வழியில் இறந்துபோகும் குதிரைக்கும் பாண்டியனின் கருவூலத்திலிருந்து விலை கொடுக்கப்பட்டதாம். அந்த வணிகத்தை நடத்திய கீஷ் நாட்டு மலிக் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், சுந்தர பாண்டியனின் அமைச்சராகவே இருந்தார். காயல் உட்படத் துறைமுகங்கள் சில அவர் பொறுப்பில் இருந்தன.

எல்லாந்தலையானான் என்று பொறித்த காசை எண்ணி வைத்தவர்களுள், ஐவேளை தொழுத ஓர் அமைச்சரும் அவருடைய பண்டகசாலைக் கணக்கர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அப்படியாயின் அது யாருடைய காசு?

உருவத்தைப் பற்றிய ஐயத்தை ஹஸ்ரத்திடமே கேட்டேன். அவர்கள் தீர்ப்பு என்று ஏதும் சொல்லவில்லை, வரலாற்றைத்தான் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் தனி நாணயம் கிடையாது. ரோமச் சக்கரவர்த்தியின் முகம் பொறித்த தங்கத் தீனாரும், பாரசீக மன்னனும் நெருப்புப் பீடமும் பொறித்த வெள்ளித் திர்ஹமுமே சந்தையில் புழங்கின. ஸஹாபாக்கள் கொடுக்கல் வாங்கல் செய்தவை அவை. உஸ்மான் (ரழி) அவர்களின் கிலாஃபத்தில், ஹிஜ்ரீ 31ஐ ஒட்டி, அதே பாரசீக அச்சின் ஓரத்தில் பிஸ்மில்லாஹ் என்ற சொல் சேர்ந்தது. நெருப்புப் பீடம் ஒருபுறம் இருக்க, ஓரத்தில் பிஸ்மில்லாஹ்! ஹிஜ்ரீ 77இல் (கி.பி. 696-697) கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை முற்றிலும் நீக்கி, கலிமாவும் ஸூரத்துல் இக்லாஸின் சொற்களும் கொண்ட தங்கத் தீனாரை வெளியிட்டார். அன்று முதல் எழுத்தே நம் நாணயத்தின் ஓவியமாயிற்று.

அந்தத் தீனாரின் எடை நாலேகால் கிராம். ஸகாத்தின் நிஸாப் இருபது தீனார். அதாவது 85 கிராம் தங்கம். வெள்ளியில் இருநூறு திர்ஹம், 595 கிராம். ஒவ்வொரு ரமழானிலும் நகைக்கடை ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நாம் போடும் கணக்கு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காசின் எடையில் நிற்கின்றது. இதை அறிந்தபின் நிஸாப் என்ற சொல் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

இனி, காக்கா வைத்துக்கொள்ள விரும்பிய அரபு எழுத்துக் காசுக்கு வருகிறேன். டப்பாவில் இருந்தவற்றுள் வாப்பா மிகவும் நேசித்தது அதுதான்: தடித்த, உருண்டையான, கறுத்த செம்பு. தேய்ந்த எழுத்துகளில் அஹ்ஸன் ஷாஹ் என்ற பெயரும் சுல்தான் என்ற பட்டமும் படிக்கக் கிடைக்கின்றன. தில்லியின் ஆளுநராக மதுரைக்கு வந்து, 1335ஐ ஒட்டித் தனியரசு அறிவித்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ் அவர். அவருடைய தலைவர் முஹம்மது பின் துக்ளக், 1330ஐ ஒட்டி வெள்ளிக்கு ஈடாகப் பித்தளை, செம்புக் காசுகளை அடித்து வெளியிட்டவர். சுல்தானுக்குக் கீழ்ப்படிந்தவர் ரஹ்மானுக்குக் கீழ்ப்படிந்தவர் என்பது அக்காசின் வாசகம். வீட்டுக்கு வீடு கள்ள நாணயம் பெருகி, இறுதியில் கருவூலத்திலிருந்து வெள்ளியும் தங்கமும் கொடுத்துச் செம்பைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. கீழ்ப்படிதலைக் காசில் பொறிக்கலாம். நம்பிக்கையை அவ்விதம் பொறிக்க இயலவில்லை.

அவருக்கு எதிராக எழுந்த அஹ்ஸன் ஷாஹ் தம் நாணயம் ஒன்றில் வேறு விதமாக எழுதினார். தம்மை தாஹா, யாஸீனின் வழித்தோன்றல் என்றார். அதாவது நபிகளாரின் குலத்தவர். அடுத்து, அபுல் ஃபுகராஇ வல் மஸாகீன் என்றார். ஃபகீர்களுக்கும் மிஸ்கீன்களுக்கும் தந்தை! ஸகாத் பெறத் தகுதியுடையோரைக் குர்ஆன் வரிசைப்படுத்தும்போது முதலில் வரும் இரு சாராரும் இவர்களே. அந்த வாசகத்தை வாப்பா ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு வந்து, உம்மாவிடமும் எங்களிடமும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. எல்லாந்தலையானான் என்ற பட்டத்தோடு ஒப்பிட்டு, "பாரு, நம்ம ராஜா என்ன எழுதியிருக்காருன்னு" என்பதே காக்காவின் பெருமிதமும்.

பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் அந்த ஒரு மாதத்தில் இப்னு பதூதாவின் பயணக் குறிப்புகளையும் எடுத்துப் படித்தேன். அவர் அஹ்ஸன் ஷாஹின் மருமகன். மதுரைக்கு வந்தபோது அங்கே அரியணையில் இருந்த கியாஸுத்தீன் தாமகானி அதே குடும்பத்தில் பெண்ணெடுத்த அவருடைய சகலை. விருந்துண்டு, கூடவே பயணம் செய்தவர் அவர். அப்படியிருந்தும், கைப்பற்றப்பட்ட எளிய குடிமக்களையும் அவர்களின் பெண்களையும் குழந்தைகளையும் கியாஸுத்தீன் கொன்ற விதத்தை மறைக்காமல் எழுதினார். வேறெந்த அரசனும் செய்து தாம் கண்டிராத இழிசெயல் என்றும், அதனாலேயே அல்லாஹ் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். ஓர் ஆலிமின் கை அது. உறவையும் உப்பையும் பார்த்து அது நிற்கவில்லை. மாமனார் காசில் ஏழைகளின் தந்தை. மருமகன் காலத்தில் இது. அந்த வாசகத்தை இப்போதும் நேசிக்கிறேன். ஆனால் அதை ஒரு சான்றிதழாகப் படிப்பதை விட்டுவிட்டேன். அது அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட ஒரு வாக்கு. நிறைவேறியதா என்பதைக் காசு சொல்லாது.

காசு சொல்லுவது வேறு. விஜயநகரத்துக் குமார கம்பணர் 1371ஐ ஒட்டி மதுரையை வென்றார் என்று படிக்கிறோம். ஆனால் மதுரை சுல்தான்களின் பெயரில் ஹிஜ்ரீ 779, அதாவது 1377-78 வரை நாணயங்கள் உள்ளன. வென்றவர்களின் கதை முடிந்த பிறகும் ஆறேழு ஆண்டுகள் எங்கோ ஓர் அக்கசாலையில் சம்மட்டி விழுந்துகொண்டுதான் இருந்தது. இந்த மரபில் எட்டு சுல்தான்களின் பெயர்களை வரிசைப்படுத்த நமக்குப் பெரிதும் உதவியவை இந்தச் செம்புகளே.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். ஆற்காட்டு நவாபின் வாலாஜாஹ் என்ற பெயர் பொறித்த சிறு காசுகள் சில; நெல்லைச் சீமையின் வரி அவர் கருவூலத்துக்குப் போன காலத்தவை. டச்சுக் கம்பெனியின் செம்புத் துட்டு ஒன்று. 1658 முதல் தூத்துக்குடி அவர்கள் கையில் இருந்தது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னியிருக்கும் வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைக் கண்ட என் மகன், அது ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. அவர்களின் கப்பல் கம்பெனிக் காசு என்றே நெடுநாள் நம்பியிருந்தான். அவனைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியை திருத்திவிட்டார்.

திருநெல்வேலிக் காசுகளுக்கென்றே ஒரு நூல் 1888இல் சென்னையில் அச்சாகியிருக்கிறது. எழுதியவர் லோவெந்தால் என்ற பாதிரியார். டென்மார்க்கிலிருந்து வந்தவர் உட்கார்ந்து வரிசைப்படுத்திய நம் ஆற்றங்கரைச் செம்புகளை, நம் வீடுகளில் எத்தனை பேர் எடைக்குப் போட்டு உருக்கியிருப்போம் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மீண்டும் அமர்ந்தோம். நான் படித்தவற்றை எல்லாம் சொன்னேன். தகியுத்தீனையும் குதிரைகளையும் சொன்னபோது தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். ரோமத் தீனாரைச் சொன்னபோது காக்கா தம் பணப்பையைத் திறந்து, ரூபாய் நோட்டில் இருந்த காந்தியின் படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். ஏதும் சொல்லவில்லை. இப்னு பதூதா எழுதியதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. அதையும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியது. உம்மாதான் பேச்சை முடித்தார்கள்.

"பிரிக்கது பிரிங்க. ஆனா ஒங்க வாப்பா எல்லாத்தயும் ஒரே டப்பாவுலதான வச்சிருந்தாவ? உள்ள ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுச்சா?"

வயது வரிசையில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டே வந்தோம். உம்மா தாளைப் பிரித்துப் பார்க்காமலே தம் ஐந்தையும் எடுத்தார்கள். அஹ்ஸன் ஷாஹ் காக்காவுக்குப் போனார். எனக்கு வந்த ஏழில் மீன் ஒன்று, எல்லாந்தலையானான் ஒன்று, வாலாஜாஹ் ஒன்று, என் மகனுக்காகக் கேட்டு வாங்கிய டச்சுத் துட்டு ஒன்று. மீதி மூன்றும் கேள்விக்குறிகள்.

காக்கா தம் பதினான்கையும் ஷார்ஜாவுக்குக் கொண்டுபோகவே எண்ணியிருந்தார். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்லக் கூடாது என்று தம்பி எடுத்துச் சொன்னான். புதையலாகக் கிடைப்பவற்றைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவனே சொன்னான். ஆகவே காக்கா தம் பங்கை உம்மாவிடம் அமானிதமாக ஒப்படைத்தார். தம்பி சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவன். அவனும் அப்படியே செய்தான். அந்த இருபத்தெட்டோடு தம் ஐந்தையும் சேர்த்து உம்மா பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டபோது, நானும் என் கைக்குட்டையை அவிழ்த்தேன்.

இப்போது ஒவ்வொரு தாளையும் சுற்றி ஒரு நூல் கட்டியிருக்கிறோம். காக்காவுக்குப் பச்சை, தம்பிக்கு நீலம், எனக்கு மஞ்சள், உம்மாவுடையது வெள்ளை. மதுரை வியாபாரியைப் பற்றி அடுத்த விடுப்பில் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் காக்கா விமானம் ஏறியிருக்கிறார்.